பந்து கையுறைக்குள், பையன் காற்றில்

ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை பிற்பகல். மட்டக்களப்பின் கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் மைதானத்தில் நான் ஒரு பேஸ்போல் ஆட்டத்துக்கு ஒற்றை நடுவராக நின்றுகொண்டிருந்தேன். அம்பாறையிலிருந்து வந்த அணி அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸ், ஒருவர் ஆட்டமிழந்திருந்தார், ஓட்டமெடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு தளங்களில் இரண்டாம் தளத்தில் ஓர் ஓட்டக்காரர். அடிபட்ட பந்து எங்கள் நடுக்களப் பையனின் தலைக்கு மேலால் போனது. அவன் திரும்பி ஓடினான். ஓடிய வேகத்திலேயே இடக்கையை நீட்டிப் பாய்ந்தான். பழைய தோல் கையுறையின் நுனியில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள வலைக்குள், பந்து போய்ச் செருகிக்கொண்டது. பாதிப் பந்து வெளியே வெள்ளையாகத் தெரிந்தது. என் வலக்கை உயர்ந்துவிட்டது. “அவுட்!” என்று கத்திவிட்டேன்.

அதன் பிறகுதான் பையன் நிலத்தில் விழுந்தான். முழங்கை மணலில் இடித்தது, கையுறை விரிந்தது, பந்து வெளியே உருண்டு இரண்டு முழம் தள்ளி நின்றது.

மூன்றாம் தளத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஓட்டக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு இரண்டாம் தளத்துக்குத் திரும்பி ஓடினார். அடித்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். நான் சொன்னதை மாற்றவில்லை. நடுவர் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான் என்று இருபது வருடம் மென்பந்துக் கிரிக்கெட்டிலும் எல்லே என்னும் நாட்டு விளையாட்டிலும் நின்று பழகியவன் நான். அம்பாறை அணி அந்த ஆட்டத்தில் ஓர் ஓட்டத்தால் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய பயிற்றுநர் என்னிடம் வந்தார். கோபமாக வரவில்லை. தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டார்: “சேர், நீங்கள் கையைத் தூக்கியபோது பந்து எங்கே இருந்தது?”

“கையுறைக்குள்.”

“பையன் எங்கே இருந்தான்?”

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். “காற்றில்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை கையுறைகளை எண்ணிப் பையில் போடும்போது அந்தப் பையனும் வந்து நின்றான். “சேர், அது என் கையில் நிற்கவில்லை. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்,” என்றான். பதினைந்து வயது. அவன் சொல்ல வேண்டியதில்லை என்றும், அதைப் பார்க்கத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள் என்றும் அவனிடம் சொன்னேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

மட்டக்களப்பில் கூடைப்பந்து வேரூன்றியதற்கு அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள் காரணம். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயர்தான் நகரின் பெரிய மைதானத்துக்கு. பேஸ்போல் அந்த அளவுக்கு இங்கே ஊன்றவில்லை. இலங்கையில் அது பெரும்பாலும் ஜப்பானியத் தொண்டர்கள் கற்றுக்கொடுத்த விளையாட்டு. தியகமவில் இருக்கும் பேஸ்போல் மைதானமும் ஜப்பானின் உதவியால் வந்ததுதான். எங்களுக்குக் கொழும்பு நண்பர் ஒருவர் அனுப்பிய பதினொரு பழைய கையுறைகள் கிடைத்தன. உப்புக் காற்றில் தோல் விறைத்துப் போயிருந்தது. பிள்ளைகள் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி மடங்க வைத்தார்கள். எண்ணெய் ஊறிய கையுறையில் பந்து வழுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. விளையாட்டு எங்களிடம் வந்து சேர்ந்த வழி இதுதான். எங்கள் பிள்ளைகளின் உடம்பிலும் என் கண்ணிலும் இருந்தது கிரிக்கெட்.

கிரிக்கெட்டில் பிடியெடுப்பு எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு கோடு உண்டு. பந்து களத்தடுப்பாளரின் உடம்பில் முதலில் பட்ட நேரத்தில் தொடங்கி, பந்தும் தன் அசைவும் இரண்டுமே அவருடைய முழுக் கட்டுப்பாட்டில் வரும் நேரத்தில் அது முடிகிறது. 1999 உலகக் கிண்ணத்தில் ஹெடிங்லியில் ஸ்டீவ் வோ அடித்த பந்தைப் பிடித்த ஹெர்ஷல் கிப்ஸ், மகிழ்ச்சியில் அதை மேலே எறியப் போய் நழுவவிட்டதை எங்கள் தலைமுறை மறக்காது. 56இல் தப்பிய வோ ஆட்டமிழக்காமல் 120 எடுத்தார். அந்தக் காட்சியை நூறு முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் கல்லடியில் என் கை முந்திவிட்டது.

பேஸ்போல் விதி இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறது. பறந்து வரும் பந்தைக் கையிலோ கையுறையிலோ உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். பந்து பட்டவுடனேயே இன்னொருவருடனோ சுவருடனோ மோதி, அல்லது விழுந்து, அதன் விளைவாகப் பந்து நழுவினால் அது பிடி இல்லை. பந்து தன் கட்டுப்பாட்டில் இருந்ததையும், தானே விரும்பித்தான் அதை விட்டார் என்பதையும் காட்டும் அளவுக்கு வைத்திருக்க வேண்டும். எத்தனை நொடி என்று விதி சொல்வதில்லை. எத்தனை அடி ஓட வேண்டும் என்றும் சொல்வதில்லை. இதை முதலில் குறை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நொடி எண்ணினால் நடுவர் பந்தை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். விதி கேட்பது ஒரே கேள்வி: பந்து ஏன் விழுந்தது? பிடிக்கும் செயலின் தொடர்ச்சியாக விழுந்ததா, அல்லது பிடித்து முடித்து அடுத்த வேலையைத் தொடங்கியபோது விழுந்ததா?

இந்த இரண்டாவது பாதிதான் இரண்டாம் தளத்துக்காரர்களிடம் அடிக்கடி வரும். பந்தைக் கையுறையில் எடுத்து, முதலாம் தளத்துக்கு எறிவதற்காக வெறும் கைக்கு மாற்றும்போது அது தவறி விழும். பிடித்தாயிற்று, விழுந்தது எறியும் முயற்சியில், எனவே அது பிடி. 2014இல் அமெரிக்கப் பெரிய லீக்கில் ஒளிப்பதிவை மீட்டுப் பார்க்கும் முறையை விரிவாக்கியபோது, வெறும் கை பந்தை உறுதியாகப் பற்றும்வரை பிடி முடியவில்லை என்பதுபோல் தீர்ப்புகள் வந்தன. வீரர்கள் கொதித்தார்கள். அந்த ஏப்ரல் மாதமே பழைய விளக்கத்துக்குத் திரும்பினார்கள். திரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்களுக்கே இந்தக் குழப்பம் வந்தது என்றால், வெயிலில் ஒருமுறை மட்டும் பார்க்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நான் இப்போது செய்வது இது. பந்து கையுறையில் படும்போது என் கைகள் இரண்டும் தொடையோடு இருக்கும். களத்தடுப்பாளரின் உடம்பு ஓயும்வரை அசைக்க மாட்டேன். வெறும் கை கையுறைக்குள் போகிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் பிடித்தவர் தானாகவே பந்தை வெளியே எடுப்பார். அது வெளியே வந்ததும் சொல்வேன். பிள்ளைகள் ஆரம்பத்தில் “சேர் தூங்கிவிட்டார்” என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

ஓடிப் பக்கத்தில் போவதைவிட நல்ல கோணத்தில் நிற்பது முக்கியம் என்பதையும் இந்த மணல்தான் கற்றுக்கொடுத்தது. பந்து நிலத்தில் பட்டுத் துள்ளிக் கையுறைக்குள் போனால், கையுறைக்கு முன்னால் ஒரு கைப்பிடி மணல் புகைபோல் எழும். களத்தடுப்பாளரின் முதுகுப் பக்கம் நின்றால் அது தெரியாது. பக்கவாட்டில் நாலு எட்டு வைத்து நின்று பார்த்தால் தெரியும். நின்று பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் கண் குலுங்கும்.

கிரிக்கெட் கண்ணுக்கு ஏமாற்றமான இன்னும் சில இடங்கள் உண்டு. களத்தடுப்பாளரின் கையில் பட்ட பந்து நடுவர் மேல் பட்டுத் தெறித்து இன்னொருவர் பிடித்தால் கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பு. பேஸ்போலில் அது பிடி இல்லை. சட்டைக்குள் சிக்கிய பந்து கிரிக்கெட்டில் பிடி. பேஸ்போலில் தொப்பியாலோ சட்டையாலோ பந்தை வசப்படுத்த முடியாது. ஆனால் தடுமாறிய பந்து மார்பில் பட்டுத் திரும்பி, நிலத்தைத் தொடுவதற்கு முன் கைக்குள் உறுதியாக வந்துவிட்டால் அது பிடிதான். எங்கள் பிள்ளைகள் எல்லேயில் வெறும் கையால் பிடித்து நெஞ்சோடு அணைத்துப் பழகியவர்கள். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வாரம் தவறாமல் வருகிறது.

இப்போது மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு வருகிறேன். என்னை அதிகம் வருத்திய விதி இது. அடிப்பவர் மட்டையை வீசித் தவறினால் அது ஒரு ஸ்ட்ரைக்; மூன்றோடு அவர் அடிக்கும் முறை முடியும்.

மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கெச்சர் நிலத்தில் படாமல் பிடித்தால் அடிப்பவர் ஆட்டமிழந்தார். பிடிக்காவிட்டால், முதலாம் தளம் காலியாக இருந்தாலோ, அல்லது ஏற்கெனவே இருவர் ஆட்டமிழந்திருந்தாலோ, அடிப்பவர் முதலாம் தளத்துக்கு ஓடலாம். அவரைப் பந்தால் தொட வேண்டும், அல்லது பந்தை அவருக்கு முன் தளத்துக்கு அனுப்ப வேண்டும். இது நேற்று வந்த விதி இல்லை. 1845இல் நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் கழகம் எழுதி வைத்த விதிகளிலேயே இருக்கிறது.

எங்கள் ஆட்டம் ஒன்றில் மூன்று தளங்களிலும் ஆட்கள், இருவர் ஆட்டமிழந்தாயிற்று. அடிப்பவர் மூன்றாவது முறையும் வீசித் தவறினார். பந்து எங்கள் கெச்சரின் கையுறைக்குள் போய், எண்ணெய்த் தோலில் வழுக்கி, அவன் காலடியில் விழுந்தது. நான் வலக்கையால் ஸ்ட்ரைக் காட்டினேன். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் இன்னிங்ஸ் முடிந்ததென்று நடக்கத் தொடங்கினார்கள். எதிரணி ஓரத்திலிருந்து “ஓடு! ஓடு!” என்று சத்தம் வந்தது. அடிப்பவர் ஓடினார். மற்ற மூவரும் ஓடினார்கள். கெச்சர் பதறிப்போய்ப் பந்தை எடுத்து முதலாம் தளத்துக்கு எறிந்தான். அது அங்கே நின்றவனின் தலைக்கு மேலால் பறந்து வேலிவரை போனது. இரண்டு ஓட்டங்கள்.

அவன் செய்திருக்க வேண்டியது, குனிந்து பந்தை எடுத்து, அடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் தளத்தின்மேல் ஒரு காலை வைப்பது மட்டும். தளங்கள் நிறைந்திருந்ததால் மூன்றாம் தளத்துக்காரர் ஹோமுக்கு வந்தே ஆக வேண்டும். தளத்தைத் தொட்டால் போதும். ஓர் அடி தூரம். நான் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதைவிடப் பெரிய பிழை, நான் வாயைத் திறக்காதது. என் கை ஸ்ட்ரைக் என்றது. மைதானத்தில் நின்ற எல்லோரும் அதை அவுட் என்று படித்தார்கள்.

இதே குழப்பம் பெரிய மேடையிலும் நடந்திருக்கிறது. 2005 ஒக்டோபர் 12, சிகாகோ. வைட் சொக்ஸ் அணிக்கும் ஏஞ்சல்ஸ் அணிக்கும் இடையிலான தொடரின் இரண்டாவது ஆட்டம் 1-1 என்று ஒன்பதாவது இன்னிங்ஸில் நிற்கிறது, இருவர் ஆட்டமிழந்தாயிற்று. ஏ. ஜே. பியெர்சின்ஸ்கி தாழ்ந்து வந்த மூன்றாவது ஸ்ட்ரைக்கை வீசித் தவறுகிறார். நடுவர் டக் எடிங்ஸ் முஷ்டியை மடக்கிக் காட்டுகிறார். கெச்சர் ஜோஷ் போல் பந்தை உருட்டிவிட்டுப் புறப்படுகிறார். பியெர்சின்ஸ்கி முதலாம் தளத்துக்கு ஓடிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் வைட் சொக்ஸ் 2-1 என்று வென்றது. அந்த வருடம் பெரிய லீக்கின் இறுதியான உலகத் தொடரும் அவர்களுக்கே. பந்து நிலத்தில் பட்டதா என்பது இன்றும் வாதம்தான். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அந்த முஷ்டி என்ன சொன்னது என்பது அங்கே நின்ற இரண்டு அணிகளுக்கும் ஒரேமாதிரி விளங்கவில்லை என்பது. 1941 உலகத் தொடரில் புரூக்ளின் கெச்சர் மிக்கி ஓவன் பந்தைத் தவறவிட்டது வேறு வகை. அதில் நடுவருக்குக் குழப்பமே இல்லை. 4-3 என்று முன்னால் நின்ற அணி, கடைசி ஆளின் கடைசி ஸ்ட்ரைக்கில் பந்து பின்னால் ஓடியதால், 7-4 என்று தோற்றுப்போனது.

எனவே இப்போது நான் முதலில் ஸ்ட்ரைக் காட்டுவேன். உடனே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, பந்து நிலத்தில் என்று உரக்கச் சொல்வேன். “நோ கெச்” என்றுதான் சொல்வது வழக்கம். கச்சான் காற்று அடிக்கும்போது அந்த “நோ” காணாமல் போய் “கெச்” மட்டும் காதில் விழுகிறது. நேர் எதிரான பொருள். ஆகவே ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பயிற்றுநர்களையும் அழைத்துப் பேசிவிடுவேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு “நிலம்! நிலம்!” அம்பாறையிலிருந்து வரும் சிங்களப் பிள்ளைகளுக்கு “பிம! பிம!” இரண்டையும் சொல்லிவிடுவேன். ஒரு நொடிகூடக் கூடுதலாக ஆவதில்லை.

ஹோம் தளத்தைச் சுற்றிய வட்டமும் வேண்டும். ஓடலாம் என்று அறியாத அடிப்பவர் ஓடும் எண்ணமில்லாமல் அந்த வட்டத்தை விட்டு வெளியேறினால் ஆட்டமிழந்தார் என்று அறிவிக்கலாம். முறையான மைதானத்தில் அது 26 அடி விட்டமுள்ள மண் வட்டம், சுற்றிப் புல். எங்கள் மைதானம் முழுவதும் மணல். ஆகவே நடுவில் முளை அடித்து, 13 அடிக் கயிறு கட்டி, சுண்ணாம்பால் வட்டம் போடுகிறோம். மற்றக் கோடுகள் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை, இதை மட்டும் நான் விடுவதில்லை.

முதலாம் தளத்தில் ஆள் நின்றால் ஏன் அடிப்பவர் ஓடக்கூடாது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடியபோதுதான் விழும் பந்து பற்றிய மூன்று விதிகளும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன.

கிரிக்கெட்டில் பந்தை அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். எனவே பிடியைத் தவறவிட்டு யாரும் லாபம் பார்க்க முடியாது. பேஸ்போலில் அடித்தவர் ஓடியே ஆக வேண்டும். அவர் வருவதால் முன்னால் தளத்தில் நிற்பவரும் இடம்விட்டு ஓடியே ஆக வேண்டும். உயரப் போன பந்து பிடிபடும் என்று நினைத்து ஓட்டக்காரர் தளத்தில் நிற்கிறார். களத்தடுப்பாளர் வேண்டுமென்றே அதைக் கீழே விட்டால்? நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று ஓட வேண்டும். இருவரை எளிதாக வீழ்த்தலாம். பிடிப்பதைவிட விடுவது லாபம். இந்தக் கெட்டித்தனத்தைத் தடுக்கத்தான் 1895இல் இன்ஃபீல்ட் ஃப்ளை விதி வந்தது. முதலாம், இரண்டாம் தளங்களில் ஆட்கள் இருந்து, அல்லது மூன்று தளங்களும் நிறைந்து, இருவருக்குக் குறைவானவர்கள் ஆட்டமிழந்திருக்கும்போது, தளங்களை ஒட்டிய உள்களத்தில் ஒருவர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய உயர்பந்து போனால், பந்து விழுந்தாலும் அடித்தவர் ஆட்டமிழந்தார். உள்களத்தவர் கையில் பட்ட பந்தை வேண்டுமென்றே கீழே விட்டால் அடித்தவர் ஆட்டமிழந்து பந்து செத்த பந்தாகிவிடும் என்பதும் அதே காரணத்துக்காக. முதலாம் தளத்தில் ஆள் நிற்கும்போது கெச்சர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை வேண்டுமென்றே தவறவிட்டால் அதே சூழ்ச்சி நடக்கும். ஆகவே அங்கே அடிப்பவர் ஓட இடமில்லை. இருவர் ஆட்டமிழந்த பிறகு இன்னொருவர் விழுந்தாலே இன்னிங்ஸ் முடிந்துவிடும், சூழ்ச்சியால் மேலதிக லாபம் இல்லை, எனவே ஓடலாம்.

இதைச் சொன்னதும் அந்த மாணவி, “அப்படியென்றால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சேர்,” என்றாள். உண்மைதான். நான் அதுவரை மனப்பாடம்தான் செய்துகொண்டிருந்தேன்.

“சாதாரண முயற்சி” என்பதில் மட்டும் ஓர் எச்சரிக்கை. கச்சான் வீசும் மாதங்களில் வாவிப் பக்கமிருந்து வரும் காற்று உயரப் போன பந்தைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பந்து மேலே ஏறும்போது நான் அறிவிப்பதில்லை. அது உச்சிக்குப் போய், களத்தடுப்பாளர் அதன் கீழ் கால் ஊன்றி நிற்கிறாரா, இன்னும் தள்ளாடிப் பின்னால் போகிறாரா என்று பார்த்துவிட்டே சொல்வேன்.

முதல் ஆட்டத்தின் தவறைத் திருத்தியிருக்கலாமா? திருத்தியிருக்கலாம். நடுவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்ப்பை மாற்றினால், தவறான அறிவிப்பால் நேர்ந்த விளைவுகளை நீக்கி, ஓட்டக்காரர்களை உரிய இடத்தில் நிறுத்த விதி இடம் கொடுக்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. பேசுவதற்கு இன்னொரு நடுவரும் இருக்கவில்லை.

மறு ஆட்டம் அம்பாறையில் நடந்தது. அதே பையன், ஏறக்குறைய அதே பந்து. மூன்றாம் தளத்தில் ஓட்டக்காரர். அவன் பாய்ந்தான், விழுந்தான், ஒருமுறை உருண்டான். நான் நின்றேன். இரண்டு பக்கமும் கத்தினார்கள். அவன் முழங்காலில் எழுந்து, வலக்கையைக் கையுறைக்குள் விட்டு, பந்தை எடுத்து ஹோமுக்கு எறிந்தான். பந்து அவன் விரல்களை விட்டபோது நான் கையை உயர்த்தினேன். ஓட்டக்காரர் ஹோமைத் தொட்டுவிட்டார். உடனே எங்கள் மூன்றாம் தளத்துக்காரன், “அவர் முன்கூட்டியே தளத்தை விட்டார், சேர்!” என்றான்.

பிடிபடும் பந்துக்கு ஓட்டக்காரர் தளத்தில் காத்திருந்துதான் ஓட வேண்டும். ஆனால் பிடி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; பந்து களத்தடுப்பாளர் மேல் முதலில் பட்ட கணமே புறப்படலாம். அப்படி இல்லாவிட்டால் களத்தடுப்பாளர் பந்தைக் கைகளில் தட்டித் தட்டிக்கொண்டே உள்களம்வரை ஓடி வந்துவிடலாம். ஆக நான் ஒரே கணத்தில் நடுக்களத்தில் கையுறையையும் மூன்றாம் தளத்தில் காலையும் பார்த்திருக்க வேண்டும். கையுறையைத்தான் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை. பார்க்காததை அவுட் என்று சொல்ல முடியாது, அந்த ஓட்டம் செல்லுபடியானது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கேள்வி கேட்கும் மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மென்பந்து ஆட்டங்களில் பந்து எண்ண என் சட்டைப்பையில் ஆறு புளியங்கொட்டைகள் எப்போதும் இருக்கும். அவற்றில் மூன்றை எடுத்து, ஆட்டமிழப்புகளை எண்ண வைத்துக்கொள் என்று அவளிடம் கொடுத்தேன். இப்போது எங்கள் ஆட்டங்களில் நடுவர்கள் இருவர். உயரப் பந்து போனால் நான் கையுறையைப் பார்க்கிறேன். அவள் மூன்றாம் தளத்துக்குப் பின்னால் நின்று, தளமும் களத்தடுப்பாளரும் ஒரே நேர்கோட்டில் விழும் இடமாகப் பார்த்து நகர்ந்து, ஓட்டக்காரரின் குதிகால் எப்போது எழுகிறது என்று பார்க்கிறாள்.